உழவு டிராக்டர் மண்சரிவு வேலைக்குப் போனால் என்னென்ன மாறும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நீலகிரிச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் ஜேசிபி இயந்திரங்கள் தயார் நிலையில் உள்ளன. படிப்பவருக்கு அது அரசு வண்டி என்று தோன்றும். பல இடங்களில் அது ஒப்பந்ததாரர் வாடகைக்குப் பிடித்து நிறுத்திய தனியார் வண்டி. ஒரே இரவில் பத்து இருபது இடங்களில் மண் விழுந்துவிட்டால் அதுவும் பற்றாது. அப்போதுதான் கேத்தி பாலாடா, நஞ்சநாடு, முத்தோரை பக்கத்து விவசாயிகளுக்குப் போன் போகும்: "அண்ணா, டிராக்டர் சும்மாதானே நிக்குது? டிரெய்லரோட ரெண்டு நாளைக்கு அனுப்புங்க. மணிக் கணக்குல குடுத்துடலாம்."

சும்மா நிற்பது உண்மைதான். உருளைக்கிழங்குக்குக் கார்போகம் சித்திரையை ஒட்டி, கடைபோகம் ஆவணியை ஒட்டி, நீர்போகம் தை மாதத்தை ஒட்டி. நடுவில் ஐப்பசி, கார்த்திகையில் உழவு குறைவு, மாதத் தவணை மட்டும் குறையாது. ஆகவே வாடகைக்கு விடலாம். ஆனால் அந்த இரண்டு நாளும் சட்டத்தின் பார்வையில் அது வேறு வண்டி, இன்சூரன்ஸ் கம்பெனியின் பார்வையில் வேறு வண்டி, மலைச்சரிவில் நடந்துகொள்ளும் விதத்திலும் வேறு வண்டி. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பனி நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்

பருவம் தப்பிய நேரத்தில் டிராக்டரைச் சாலை வேலைக்கு அனுப்புவது உலகத்துக்குப் புதிதல்ல. கனடா, ஜெர்மனி, பின்லாந்து போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் உழவு கிடையாது, சாலையிலோ பனி குவியும். இரண்டையும் முடிச்சுப் போட்டு அதை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள். ஜெர்மனியில் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் 'மஷீனென்ரிங்' என்ற இயந்திரப் பகிர்வு அமைப்புகள் குளிர்காலச் சாலைப் பணியை ஒப்பந்தம் எடுத்துச் செய்கின்றன. கனடாவின் கியூபெக் பக்கம் டிராக்டரில் பனி ஊதும் இயந்திரத்தை மாட்டி வீட்டு வாசல்களைச் சுத்தம் செய்கிறார்கள்.

அங்கே பணம் பேசும் வழிகள் மூன்று.

1. பருவ வாடகை. குளிர்காலம் முழுவதற்கும் ஒரே தொகை. பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் அது மாறாது.
2. தடவைக் கணக்கு. இத்தனை அங்குலம் பனி சேர்ந்தால் வண்டி கிளம்ப வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு.
3. மணிக் கணக்கு. ஓடிய நேரத்துக்கு மட்டும் கூலி.

மூன்றுக்கும் உள்ள வேறுபாடு, பனியே விழாத வருடத்தில் நஷ்டம் யாருக்கு என்பதுதான். நம் ஊரில் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே பேசுகிறார்கள். அது ஏன் விவசாயிக்குப் பாதகம் என்பதை வாடகைக் கணக்கில் பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வரிச்சலுகை பெற்ற விவசாய டீசலை, உழவு டிராக்டர் பொதுச் சாலையில் பனி அகற்றும்போதும் பயன்படுத்தலாம் என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது. டிராக்டர் இந்த வேலைக்கு வரும் என்று எதிர்பார்த்து எழுதிய விதி அது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தை எழுதியவர்கள் மண்சரிவுக்கு வரும் உழவு டிராக்டரை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் மலையில் பனி அள்ளும் வேலை கிடையாது. 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்று மார்கழியில் தலைப்பு வந்தாலும், தலைக்குந்தாவில் புல்மேல் வெள்ளையாகக் கிடப்பது உறைபனி. மேலிருந்து பொழிந்ததல்ல, காற்றின் ஈரம் புல்லின் மேலேயே உறைந்தது. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். பனியால் அடைபடும் சாலை வேண்டுமானால் இமயமலைக் கணவாய்களான ரோதாங்குக்கோ சோஜிலாவுக்கோதான் போக வேண்டும். அங்கே அது எல்லைச் சாலைகள் அமைப்பின் வேலை. இங்கே நீலகிரியில் உள்ள அவலாஞ்சி என்ற இடத்தின் பெயருக்குக்கூட ஆங்கிலத்தில் பனிச்சரிவு என்றுதான் பொருள். ஆனால் 1800-களின் தொடக்கத்தில் அங்கே சரிந்தது மண். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த சொல்லை வைத்துவிட்டுப் போனார்கள்.

## பனியின் எடையும் மண்ணின் எடையும்

புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். அழுந்திக் கிடந்தால் 300 கிலோ வரை வரலாம். மழையில் ஊறிய மண் சுமார் 1,800 கிலோ. பனியில் ஓடும் டிராக்டரைக் காட்டி "அங்க செய்றாங்களே" என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

45 குதிரைத் திறன் டிராக்டரின் எடை ஏறக்குறைய 2 டன். முன்னால் லோடர் மாட்டி அரை கன மீட்டர் ஈர மண்ணைத் தூக்கினால் 900 கிலோ. முன் அச்சுக்கு முன்னால் அது தொங்கும்போது பின் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பப் பார்க்கும். பிடிமானமும் பிரேக்கும் அந்தப் பின் சக்கரத்தில்தான் இருக்கின்றன. ஜேசிபி அப்படியல்ல. சுமார் 75 குதிரைத் திறன், ஏழரை டன்னை ஒட்டிய எடை, ஒரு கன மீட்டர் அளவுக்கு முன் வாளி.

ஒரு சின்னச் சரிவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலையின் அகலம் 6 மீட்டர், விழுந்த மண்ணின் நீளம் 10 மீட்டர், சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். 90 கன மீட்டர், அதாவது 160 டன்னுக்கு மேல். அள்ளும்போது மண் உதிர்ந்து கால் பங்கு உப்பும், ஆக 112 கன மீட்டர். டிரெய்லரில் ஒரு தடவைக்கு 2 கன மீட்டர் என்றால் 56 லோடு. செய்தியில் 'சிறிய அளவில் மண்சரிவு' என்று ஒரே வரியில் முடிந்துபோவது இதுதான்.

டிராக்டரின் இடம் இதிலிருந்து தெளிவாகிறது. அள்ளுவது ஜேசிபியின் வேலை, கொண்டுபோய்க் கொட்டுவது டிராக்டரின் வேலை. கொண்டுபோவது என்று வந்துவிட்டால், அது கூலிக்குச் சரக்கு ஏற்றுவது. சட்டம் நுழைவது அந்த இடத்தில்தான்.

## ஆர்.சி.யில் இருப்பதும் சாலையில் நடப்பதும்

1. பதிவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி விவசாய டிராக்டர் என்பது போக்குவரத்து அல்லாத வாகனம். உழவுக் கருவிகளோடு வேலை செய்யவும், விவசாயப் பொருட்களை டிரெய்லரில் ஏற்றவும் என்று அதற்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். கேரட் மூட்டையும் எரு லோடும் அந்த வட்டத்துக்குள் வரும், சாலையில் விழுந்த மண் வராது.

2. டிரெய்லர். இது தனி வாகனம், தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் செய்து மாட்டிய டிரெய்லர் பதிவே இல்லாமல் ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோட்டத்துக்குள் ஓடும்வரை யாரும் கேட்பதில்லை.

3. பெர்மிட். சரக்கு ஏற்றுவதற்காகவே செய்யப்படாத வண்டியும், சரக்கு ஏற்றும்போது சரக்கு வாகனம் ஆகிவிடும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் சரக்கு வாகனமே, பெர்மிட் தேவை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

4. ஒரு விலக்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளாட்சி அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டவரின் வண்டி, சாலையைச் சுத்தம் செய்வதற்கு மட்டுமே பயன்பட்டால் பெர்மிட் வேண்டாம் என்று சட்டத்தின் 66-வது பிரிவு சொல்கிறது. நகராட்சியோ ஊராட்சியோ நேரடியாக எழுதிக் கொடுத்த வேலை என்றால் இதைக் காட்டி வாதாடலாம். நெடுஞ்சாலைத் துறை உள்ளாட்சி அமைப்பு அல்ல. 'மட்டுமே' என்ற சொல்லும் இடிக்கும். காலையில் சாலை மண், மாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு ஜல்லி என்றால் விலக்கு கிடைக்காது.

5. டிரைவர் உரிமம். இதில் மட்டும் குழப்பம் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்தது. டிரெய்லர் மாட்டியதால் டிராக்டர் உரிமம் செல்லாமல் போகாது என்பது 2001-லேயே வந்த தீர்ப்பு.

சாலை அடைந்து, ஆம்புலன்ஸ் காத்து நிற்கும் இரவில் யாரும் பெர்மிட் கேட்கப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். கேள்வி எழுவது விபத்துக்குப் பிறகு.

## இன்சூரன்ஸ்: எல்லோரும் படிக்காமல் விடும் பத்தி

பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் வண்டி எண்ணும் தொகையும் இருக்கும். கொஞ்சம் கீழே, சின்ன எழுத்தில், 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி. உழவு டிராக்டர் பாலிசியில் பெரும்பாலும் விவசாய வேலைக்கு மட்டும் என்று அதில் போட்டிருக்கும். பிரீமியம் குறைவாக இருப்பதற்குக் காரணமே அந்த வரிதான்.

அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஒரு வழக்கே போதும். விவசாயத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த டிராக்டர், செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப் போனது. டிரெய்லரில் மண்ணின்மேல் உட்கார்ந்து போன தொழிலாளி விழுந்து அடிபட்டார். டிராக்டர் விவசாய வேலையில் இல்லை, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த ஏழைத் தொழிலாளியின் நிலையைப் பார்த்து, கம்பெனி முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது.

'கொடுத்துவிட்டு வசூலிப்பது' என்ற இந்த ஏற்பாட்டைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "எப்படியும் கம்பெனி குடுத்துரும்" என்பார்கள். கொடுக்கும், சரி. அப்புறம் அதே தொகைக்கு உரிமையாளரின் வாசலில் வந்து நிற்கும். உயிரிழப்பு வழக்கில் அது பல லட்சம். இரண்டு நாள் வாடகைக்காகத் தோட்டத்தையே ஈடு வைக்கும் நிலை வரலாம். மண்ணும் டிரெய்லரும் அதன்மேல் ஆளும் என்ற அந்தக் காட்சியை ஒவ்வொரு மழைக்கும் மலைச்சாலையில் பார்க்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலைக்கு அனுப்பும் முன்பு செய்ய வேண்டியவை:

1. இன்னின்ன தேதிகளில் சாலை மண் அகற்றும் வேலைக்கு வண்டி போகிறது என்று கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (அந்த வேலையையும் சேர்த்து எழுதிய இணைப்பு) வாங்குவது. ஏஜென்ட் போனில் சொல்லும் "ஒண்ணும் ஆகாது சார்" வழக்கு மன்றத்தில் செல்லாது.
2. டிரெய்லரின் எண்ணும் பாலிசியில் இருக்கிறதா என்று பார்ப்பது.
3. மட்கார்டில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்வது. டிராக்டரில் இருப்பது ஓர் இருக்கை, அது டிரைவருக்கு.
4. "எது நடந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால், அதை எழுதி வாங்குவது. எழுதி வாங்கினாலும் அது உங்களுக்கும் அவருக்கும் இடையில் மட்டுமே. அடிபட்டவரின் வக்கீல் முதலில் தேடுவது ஆர்.சி.யில் உள்ள பெயரை.

## இரண்டு ஆர்.டி.ஓ.க்கள்

தமிழில் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் ஆர்.டி.ஓ., வருவாய்க் கோட்டாட்சியரும் ஆர்.டி.ஓ. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். இந்த வேலைக்கு இருவருமே சம்பந்தப்பட்டவர்கள். வண்டியின் காகிதம் முதலாமவரிடம். மலையில் மண்ணைத் தொடலாமா என்பது வருவாய்த் துறையிடம்.

நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் போன்ற மண் அள்ளும் இயந்திரங்களை அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கொடைக்கானல் பக்கமும் இப்படித்தான். மன்னவனூர், பூம்பாறைக்காரர்கள் இதைப் படித்தால் மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தடைக்குக் காரணம் மலைச்சரிவின் அடிவாரத்தை வெட்டுவதுதான். கட்டடத்துக்கு இடம் எடுக்க அடியில் வெட்டினால், மேலே உள்ள மண் தாங்குதல் இழந்து அடுத்த பெருமழையில் இறங்கிவிடும். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த வாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை மழைக்கு எந்த மலையும் இளகும் என்பது உண்மைதான். ஆனால் எந்த இடம் முதலில் இறங்கும் என்பதில் வெட்டியவனுக்குப் பங்கு உண்டு.

டிராக்டர் உரிமையாளர் இதில் மாட்டுவது இப்படி. 'மண்சரிவு அகற்றல்' என்று சொல்லி வண்டியைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் சாலையில் நான்கு கூடை மண்தான் விழுந்திருக்கும், உள்ளே ஒரு மனையைச் சமன்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கும். சோதனை வந்தால் பறிமுதலாவது அங்கே நிற்கிற வண்டி. ஆகவே எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர், எந்தத் துறையின் ஆணை என்று எழுதிய பணி ஆணையின் நகல் டிரைவரின் பையில் இருக்க வேண்டும். மண்ணும் சட்டத்தின்படி சிறு கனிமம்தான். ஆணை இல்லாமல் மண் லோடோடு பிடிபட்டால் அது மண் கடத்தலாகவே பார்க்கப்படும்.

எங்கே கொட்டுவது என்பதையும் ஆணையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமாகும் என்று சாலையோரத்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவதுதான் வழக்கம். தள்ளிய மண் கீழே ஓடையை அடைத்து, அடுத்த மழையில் யாரோ ஒருவரின் கேரட் தோட்டத்துக்குள் இறங்கும்.

## வாடகைக் கணக்கு

ஒப்பந்ததாரர் மணிக்கு ஒரு தொகை சொல்வார், விவசாயி டீசலைக் கழித்துப் பார்த்து "பரவாயில்லை" என்பார். டீசல் மட்டும் செலவல்ல. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வண்டி விலை 8 லட்சம், 8,000 மணி ஓடிய பிறகு 2 லட்சத்துக்குப் போகும், வருடத்துக்கு 600 மணி ஓடும் என்று வைத்துக்கொள்வோம்.

1. தேய்மானம்: 6 லட்சத்தை 8,000-ஆல் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய்.
2. வட்டி: 8 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் வருடம் 80,000. மணிக்கு 133 ரூபாய்.
3. டீசல்: மணிக்கு 4 லிட்டர், லிட்டர் 95 ரூபாய் என்றால் 380 ரூபாய்.
4. டிரைவர் கூலியும் பேட்டாவும்: நாளுக்கு 1,000 என்றால் மணிக்கு 125 ரூபாய்.
5. டயர், ஆயில், ரிப்பேர்: மணிக்கு 100 ரூபாய் என்று வைக்கலாம். கல்லும் சேறும் கலந்த வேலையில் இது ஏறத்தான் செய்யும்.

கூட்டினால் 813 ரூபாய். மணிக்கு 800 என்று ஒத்துக்கொண்டவர் ஓட ஓடக் கைக்காசைப் போடுகிறார். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை இதுதான்.

இப்போது காத்திருப்பு. மண்சரிவு வேலையில் டிராக்டர் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். ஜேசிபி ஒரு லோடு நிரப்பும்வரை நிற்க வேண்டும், மேலே பாறை ஆடினால் நிற்க வேண்டும், மின்வாரியம் கம்பியை எடுக்கும்வரை நிற்க வேண்டும், ஒரு பக்கம் போக்குவரத்தை விடும்போதும் நிற்க வேண்டும். எட்டு மணி நேரம் இடத்தில் இருந்து மூன்று மணி மட்டும் ஓடினால், டிரைவர் கூலியும் வட்டியும் எட்டு மணிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இங்கே என்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டிராக்டர்களில் கேபிளில் ஓடும் மீட்டர் கடிகார நேரத்தைக் காட்டாது. என்ஜின் அதற்கென்று குறித்த வேகத்தில் ஓடினால்தான் அதில் ஒரு மணி ஒரு மணியாகப் பதியும். ஐடிலில் உறுமிக்கொண்டு நின்றால் முள் பாதி வேகத்தில்கூட நகராது. "மீட்டர் எவ்வளவு காட்டுதோ அவ்வளவு" என்று ஒப்புக்கொண்டவர், காத்திருந்த நேரத்தின் கூலியைத் தெரியாமலே விட்டுக்கொடுக்கிறார். புதிய மின்னணு மீட்டர்களில் இந்த வேறுபாடு இல்லை. எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மீட்டர் நேரமா கடிகார நேரமா என்று எழுதிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்து, அன்றைக்கே ஒப்பந்ததாரருக்கு அனுப்பிவிட்டால் பில் போடும்போது வாக்குவாதம் குறையும்.

பனி நாட்டு முறையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காத்திருப்புக் கட்டணம். வண்டியை இன்னின்ன தேதிவரை வேறு வேலைக்கு விடாமல் வைத்திருக்க நாளுக்கு ஒரு தொகை, ஓடினால் மணிக்கு ஒரு தொகை, குறைந்தது நாலு மணி என்று அடிப்படை. துறை ஒப்பந்ததாரருக்குத் தயார் நிலைக்கு ஏதாவது கொடுத்தால் அதில் ஒரு பங்கு வண்டிக்காரருக்கும் வருவதுதான் நியாயம். கேட்டால்தான் வரும்.

பணம் எப்போது வரும் என்பது தனிக் கதை. ஒப்பந்ததாரரின் பில் அளவுப் புத்தகத்தில் ஏறி, பாஸாகி, நிதி வந்து சேர மாதங்கள் ஆகலாம். 'பில் வந்ததும் தருகிறேன்' என்பதற்குப் பதில், டீசலும் பேட்டாவும் அன்றன்றே, மீதி இத்தனை நாளுக்குள் என்று பிரித்துப் பேசுவது நல்லது.

## கொண்டை ஊசி வளைவில் 4 டன் தள்ளினால்

ஒரு லோடு மண் 3 டன்னை ஒட்டி, காலி டிரெய்லர் ஒரு டன். இழுக்கும் வண்டி 2 டன், பின்னால் வருவது 4 டன். ஏற்றத்தில் பிரச்சினை தெரியாது. இறக்கத்தில் டிரெய்லர்தான் டிராக்டரைத் தள்ளும். பல விவசாய டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. வளைவில் தள்ளினால் டிராக்டர் மடங்கி, டிரெய்லர் பக்கவாட்டில் வந்து நிற்கும்.

டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்கு இரண்டு பிரேக் பெடல்கள். தோட்டத்தில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு வரும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட மறந்தால், அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். உழவிலேயே பழகிய டிரைவர் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரலில் உருட்டக் கூடாது என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு வரும் டிரைவருக்குச் சொல்ல வேண்டும்.

## ஆட்சியரே வண்டியைக் கேட்டால்

மேலே சொன்னது எல்லாம் ஒப்பந்ததாரர் வழியாக வரும் வேலைக்கு. பேரிடரில் இன்னொரு வழியும் உண்டு. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன் 65-வது பிரிவின் கீழ், மீட்புப் பணிக்குத் தேவையான வண்டியை அரசு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எழுத்து மூலமான ஆணை வேண்டும். அந்தப் பகுதியில் அத்தகைய வண்டிக்கு நடப்பில் உள்ள வாடகையை வைத்து இழப்பீடு தர வேண்டும் என்று 66-வது பிரிவு சொல்கிறது. தொகை போதாது என்று நினைத்தால் 30 நாட்களுக்குள் நடுவரிடம் அனுப்பக் கோரி விண்ணப்பிக்கலாம். வாய்மொழியாக "தாசில்தார் சொன்னார், வண்டியை எடு" என்று கூட்டிப்போனால் இந்தப் பாதுகாப்பை நிரூபிப்பது கடினம். அந்த நேரத்தில் முத்திரைத் தாள் கேட்க முடியாதுதான். ஆணை எண்ணோடு ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது கேட்கலாம்.

## வரி

சுருக்கமாக: விவசாய வேலைக்கு இயந்திரத்தை வாடகைக்கு விடுவதற்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, சாலை மண் வேலைக்கு இல்லை. வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத சேவையாளர் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் ஒற்றை டிராக்டர்காரருக்கு இது பெரும்பாலும் தலைவலி அல்ல. இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் வரும். வரம்புக்கு மேல் போகும் தொகையில், வருமான வரிக்கான பிடித்தமாக (டி.டி.எஸ்.), வாடகை என்று எழுதினால் 2 சதவீதம், ஒப்பந்த வேலை என்று எழுதினால் தனிநபருக்கு 1 சதவீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும்.

## வண்டி திரும்பி வரும் நாள்

ஒப்பந்தத் தாளில் கடைசியாக எழுத வேண்டியதும் அடிக்கடி விட்டுப்போவதும் திரும்பும் தேதி. வேலை இழுத்துக்கொண்டே போகும், ஒப்பந்ததாரர் "இன்னும் ரெண்டே நாள்" என்பார். இந்தத் தேதிக்குள் வண்டி கொட்டகைக்கு வர வேண்டும், தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று இருக்கட்டும். வந்ததும் ரேடியேட்டர் வலையில் அப்பிய மண், பிரேக்கில் புகுந்த சேறு, டயரின் பக்கவாட்டு வெட்டு மூன்றையும் ஒப்பந்ததாரரின் ஆள் முன்னிலையிலேயே பாருங்கள். கழுவிவிட்டு அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், வெட்டு தெரியாமல் போய்விடும். தை பிறந்ததும் நீர்போகத்துக்கு உழுதாக வேண்டும். அந்த வாரத்தில் பாலாடாவில் மெக்கானிக் கிடைப்பது, மழைநாளில் ஜேசிபி கிடைப்பதைவிடக் கஷ்டம்.